அச்சு உள்ளே, வாய் வெளியே

நம் பல் டாக்டர்கள் சங்கத்தின் சென்ற மாதக் கூட்டம் முடிந்து சாயா குடித்துக்கொண்டிருந்தபோது உங்களில் ஒருவர் என் பக்கத்தில் வந்து நின்று, குரலைத் தாழ்த்தி ஒன்று கேட்டார். கொச்சி மட்டாஞ்சேரியில் புதிதாகக் கிளினிக் திறக்கிறாராம். பெயர்ப் பலகையில் பட்டத்தைப் போடலாம், படித்த கல்லூரியின் பெயரையும் போட வேண்டுமா என்பதுதான் அவருடைய சந்தேகம். ஏன் போடக் கூடாது என்று கேட்டேன். "மூடிப்போன காலேஜ் இல்லையா மேடம். வேலை கேட்டுப் போன எடத்துல எல்லாம் பேரைக் கேட்டதும் ஒரு மாதிரி சிரிக்கறாங்க" என்றார். பக்கத்தில் நின்ற இன்னும் இரண்டு பேர் தரையைப் பார்த்தார்கள். அவர்கள் படித்ததும் மூடிப்போன கல்லூரிகள்தான்.

அப்போது நான் பதில் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் திட்டியிருப்பேன், கையில் சூடான சாயா வேறு இருந்தது. இப்போது உட்கார்ந்து நிதானமாகத் திட்டுகிறேன். கேட்டுக்கொள்ளுங்கள்.

பல் மருத்துவக் கல்லூரிகள் மூடுவதை நான் நிறையப் பார்த்துவிட்டேன். சிலவற்றுக்கு ஆய்வுக்கு வந்தவர்கள் அனுமதி கொடுக்கவில்லை. சிலவற்றில் சேர ஆளில்லை. நான் இருபது வருடம் பல் செட் கட்டச் சொல்லிக்கொடுத்த கல்லூரிக்கு இரண்டு வியாதியும் இருந்தன. பள்ளுருத்தியைத் தாண்டி இடக்கொச்சிக்குப் போகிற வழியில், காயல் நீரைப் பார்த்தபடி, மூன்று மாடிக் கட்டடம். மழைக்காலத்தில் கீழ்த்தளத்துச் சுவரில் பாசி பிடிக்கும். அதை மூடியது அநியாயம் என்று நான் சொல்ல வரவில்லை. ஆய்வு நாளன்று மட்டும் வேறு ஊர்களிலிருந்து ஆசிரியர்கள் வந்து என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, மாலையில் பையை எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். அதை நானும் பார்த்துக்கொண்டு வாயை மூடிக்கொண்டுதான் இருந்தேன். பல் டாக்டருக்கு மற்றவர்கள் வாயைத் திறக்கச் சொல்லத்தான் தெரியும்.

ஆய்வு நாளில் ஆசிரியர்கள் மட்டும் போதாது, நோயாளிகளும் வேண்டும். நாற்காலி எல்லாம் நிறைந்திருக்க வேண்டும். அதற்கு நிர்வாகம் பிடித்து வைத்திருந்த ஆள்தான் சுப்பையா. ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டிக்கொண்டு தெருத்தெருவாக அறிவிப்புச் சொல்வது அவர் தொழில். கோயில் உற்சவம், கட்சிக் கூட்டம், தண்ணீர் வராது என்ற செய்தி, எல்லாவற்றுக்கும் அவர் குரல்தான். மூன்று தலைமுறைக்கு முன்னால் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து மட்டாஞ்சேரியிலேயே தங்கிவிட்ட குடும்பம். மலையாளத்தில் ஒரு முறை, தமிழில் ஒரு முறை என்று இரண்டிலும் சொல்வார். தமிழ்நாட்டிலிருந்து ஹோட்டல் வேலைக்கும் கட்டட வேலைக்கும் வந்தவர்கள் அந்தத் தமிழைக் கேட்டே எங்கள் இலவசப் பரிசோதனைக்கு வருவார்கள். ஒரு ஆய்வு நாளில் ஆள் குறைந்தபோது, ஒரு நாற்காலியை நிரப்ப அவரையே பிடித்து உட்கார வைத்தோம். அப்படித்தான் அவர் வாயை முதலில் பார்த்தோம். ஆறே பல் இருந்தது. நான்கு ஆடிக்கொண்டிருந்தன. கீழ்த்தாடையில் இருந்த இரண்டு கோரைப் பற்கள் மட்டும் ஆணி அடித்தது போல நின்றன.

இங்கேதான் என் தப்பு வருகிறது. நன்றாகக் கேளுங்கள், ஏனென்றால் இது நம்மைப் போன்ற பல் டாக்டர்களிடம் மட்டுமே நடக்கக்கூடிய தப்பு.

இறுதி ஆண்டில் ஒவ்வொரு மாணவரும் இத்தனை பல் பிடுங்க வேண்டும், இத்தனை முழு செட் கட்ட வேண்டும் என்று கணக்கு உண்டு என்பது உங்களுக்குத் தெரியும். முடிக்காவிட்டால் பரீட்சைக்கு உட்கார முடியாது. நிஷா என்று பாலக்காட்டுப் பெண் ஒருத்தி, நல்ல கைக்காரி. அவளுக்கு மற்றதெல்லாம் முடிந்து ஒரு முழு செட் மட்டும் மிச்சம் இருந்தது. முழு செட் என்றால் வாயில் ஒரு பல்கூட இருக்கக் கூடாது. நோயாளிகள் வருவதே அருகிப்போயிருந்த காலம். சுப்பையாவை உட்கார வைத்து, வாயைப் பார்த்துவிட்டு நிஷா என்னிடம் வந்தாள்.

"மேடம், கீழ ரெண்டு கோரப்பல்லும் நல்ல உறுதியாக்கும். அதையும் எடுக்கணுமா?"

கீழ்த்தாடையில் முழு செட் நிற்பதே கஷ்டம். நாக்கு தள்ளும், கன்னம் தள்ளும். அந்த இரண்டு பல்லை வைத்துக்கொண்டு கட்டினால் செட் பிடித்து நிற்கும். இது அவளுக்கும் தெரியும். அவளுக்குச் சொல்லிக்கொடுத்ததே நான்தான். ஆனால் இரண்டு பல்லை விட்டுவைத்தால் அது முழு செட் கணக்கில் வராது. பரீட்சைக்கு நாள் நெருங்கிவிட்டது. நான் ஒரு நிமிடம் யோசித்தேன், அதுகூட இல்லை, அரை நிமிடம்.

"எடு" என்றேன். தாளில் கையெழுத்தும் போட்டேன்.

சுப்பையாவிடம் எல்லாவற்றையும் எடுத்துவிட்டால் செட் அழகாக வரும் என்று சொன்னோம். அவர் நம்பினார். ஊருக்கெல்லாம் எங்களைப் பற்றி மைக்கில் சொன்ன மனிதர் எங்களை நம்பாமல் வேறு யாரை நம்புவார்? ஈறு ஆறியும் ஆறாததுமாக அளவு எடுத்து, பிளாஸ்டரில் அச்சு வார்த்து, அதன்மேல் மெழுகில் பல் வரிசையும் அடுக்கியாயிற்று. அடுத்த வாரம் வாயில் வைத்துப் பார்க்க வேண்டியதுதான்.

அந்த வாரம் கல்லூரியை மூடிவிட்டார்கள்.

காலையில் போனால் கேட்டில் புதுப் பூட்டு. மாணவர்களை வேறு கல்லூரிகளுக்குப் பிரித்து அனுப்ப உத்தரவாகிவிட்டது. நிஷாவுக்கு வடக்கே எங்கோ இடம் போட்டிருந்தார்கள், சேர மூன்று வாரம் அவகாசம். எங்களை எல்லாம் வெலிங்டன் தீவில் நிர்வாகத்துக்கு இருந்த அலுவலகத்துக்கு வரச் சொன்னார்கள். அங்கே மேலாளர் ஆளுக்கொரு தாளை நீட்டினார். அதில் ஒரே ஒரு வரி முக்கியம். என் பிரிவில் நடந்துவந்த சிகிச்சைகள் அனைத்தும் முடிக்கப்பட்டன, நோயாளிகள் எவருக்கும் எதுவும் மீதமில்லை. அதில் கையெழுத்துப் போட்டால் விடுவிப்புக் கடிதம் கையில் கிடைக்கும். அந்தக் கடிதம் இல்லாமல் வேறு எந்தக் கல்லூரியிலும் ஆசிரியராகச் சேர முடியாது. எனக்கு முன்னால் நின்றவர்கள் மளமளவென்று போட்டுக்கொண்டு போனார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், பிள்ளைகுட்டிக்காரர்கள்.

நான் பேனாவைத் திறந்தேன். அந்தக் கணத்தில் எனக்குத் தெரிந்தது சுப்பையாவின் வாய்தான். அவர் வாயில் ஒரு பல்கூட இல்லாமல் போனது என் கையெழுத்தால். இப்போது அவருக்கு எதுவும் மீதமில்லை என்று எழுதப்போவதும் என் கையெழுத்துதான். அந்த வரியை அடித்துவிட்டு, கீழே எழுதினேன்: சுப்பையா என்பவருக்கு இரண்டு தாடைக்கும் பல் கட்டித் தர வேண்டியிருக்கிறது. கட்டிக் கொடுத்த பிறகு கையெழுத்திடுகிறேன்.

மேலாளர் அதைப் படித்துவிட்டு, கல்லூரியே இல்லை, அப்புறம் எங்கே வைத்துக் கட்டுவீர்கள் என்று கேட்டார். சட்டப்படி இனி யாருக்கும் பொறுப்பு இல்லை என்றார். அவர் கெட்டவர் இல்லை. எனக்கு நல்லது செய்வதாகத்தான் நினைத்தார். "ஒரு ஆளுக்காகவா மேடம்?" என்று மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டார்.

"ஆமாம், ஒரு ஆளுக்காகத்தான். நான் ஒரு நேரத்தில் ஒரு வாயைத்தான் பார்ப்பேன்" என்றேன்.

கடிதம் கிடைக்கவில்லை. அன்றைக்கும் கிடைக்கவில்லை, இன்றைக்கும் கிடைக்கவில்லை. அதற்குப் பிறகு நான் எந்தக் கல்லூரியிலும் சொல்லிக்கொடுக்கவும் இல்லை. வருத்தம் உண்டா என்று கேட்டால், சொல்லிக்கொடுக்க முடியாமல் போனதில் உண்டு. எழுதியதில் இல்லை.

வெளியே வந்தால், என்னைத் தேடிக்கொண்டு வந்து படகுத்துறையில் சுப்பையா நிற்கிறார். பல் இல்லாத வாய் உள்ளே ஒடுங்கி, பத்து வயது கூடிவிட்டது போல இருந்தார். பள்ளுருத்திக் கோயில் உற்சவத்துக்கு மூன்று வாரம் இருந்தது. பத்து நாளும் காலையும் மாலையும் அவர்தான் அறிவிப்பு, வருடக்கணக்காக. குரல் இருந்தது, ஆனால் சொல் வழுக்கியது. கமிட்டிக்காரர்கள் கூப்பிட்டுப் பேசச் சொல்லிப் பார்த்துவிட்டு, இந்த வருடம் வேறு ஒருவருடைய குரலைப் பதிவு செய்து போட்டுவிடலாமா என்று யோசிப்பதாகச் சொன்னார்களாம். ஒரு தடவை பதிவு செய்துவிட்டால் அடுத்த வருடமும் அதையே போட்டுக்கொள்ளலாம். அப்புறம் சுப்பையா எதற்கு? அவருக்கு அது நன்றாகப் புரிந்திருந்தது.

அடுத்த நான்கு நாளை நாங்கள் ஒரு சாவியின் பின்னால் வீணாக்கினோம். அச்சும் மெழுகுப் பல்லும் இரண்டாம் மாடி லேபில் மேசைமேல் இருந்தன. கேட்டுக்குள் போய் எடுத்து வந்தால் ஒரு வாரத்தில் முடித்துவிடலாம். நிஷா காவலாளியிடம் கெஞ்சினாள். நான் மேலாளருக்கு மனு எழுதினேன், அவர் அதை மேலே அனுப்பினார், மேலே இருந்தவர் ஊரில் இல்லை. காம்பவுண்டுச் சுவர் எவ்வளவு உயரம் என்றுகூட நிஷா பார்த்து வைத்திருந்தாள், நான் திட்டினேன். ஐந்தாம் நாள் கேட்டுக்கு எதிரே இருந்த சாயாக்கடையில் உட்கார்ந்து, இனி யாரைப் பார்ப்பது என்று இரண்டு பேரும் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தோம். சுப்பையா சாயாவில் பழம்பொரியை, அந்த வாழைப்பழ பஜ்ஜியை, முக்கி, ஈறால் நசுக்கித் தின்றுகொண்டே கேட்டுக்கொண்டிருந்தார். தின்று முடித்துத் துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டார்.

"டாக்டரே, அந்த அச்சு எதுலேந்து எடுத்தது?"

"உங்க வாயிலேந்துதான்."

"அச்சு உள்ள பூட்டிக் கிடக்கட்டும். வாய் வெளியிலல்லோ இருக்கு."

நிஷா என்னைப் பார்த்தாள். நான் சாயா கிளாஸைப் பார்த்தேன். இருபது வருடம் பாடம் எடுத்தவள் நான். அதுமட்டுமா, ஈறு மாறிக்கொண்டே இருக்கும், பழைய அச்சை நம்பாதே என்று வகுப்பில் தொண்டை கிழியக் கத்தியவளும் நான்தான். அந்த அளவை எடுத்த பிறகும் அவர் தாடை வற்றிக்கொண்டேதான் இருந்திருக்கும். அந்தப் பழைய அச்சில் கட்டியிருந்தால் செட் ஆடியிருக்கும். கட்டடம் மூடியதும், வேலையே கட்டடத்துக்குள் இருப்பதாக நாங்கள் நினைத்துவிட்டோம். வேலை எங்கள் முன்னால் உட்கார்ந்து பழம்பொரி தின்றுகொண்டிருந்தது.

என்னுடன் படித்தவள் ஒருத்திக்கு மட்டாஞ்சேரியில், மலஞ்சரக்கு என்று இங்கே சொல்கிற மிளகு, ஏலம், சுக்கு வைக்கும் கிடங்கு ஒன்றின் மாடியில் கிளினிக் இருந்தது. அவள் மாலையில் மட்டும்தான் வருவாள், காலை நேரத்தை எங்களுக்குக் கொடுத்தாள். எங்கள் கல்லூரியில் லேப் பார்த்த டெக்னீஷியன் பள்ளுருத்தியில் தன் வீட்டுப் பின்கட்டில் சொந்த லேப் போட்டிருந்தார். விஷயத்தைச் சொன்னதும், மற்ற வேலை எல்லாம் இரண்டாவது என்றார். முதலிலிருந்து ஆரம்பித்தோம்.

அளவு எடுப்பதில் என்ன செய்தோம் என்பதெல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான். தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். கீழே சுக்கு மூட்டை ஏற்றிக்கொண்டிருக்கும்போது மேலே யாருக்கும் அளவு எடுக்காதீர்கள். கலவை இறுகுவதற்கு ஒரு நிமிடம் முன்னால் சுப்பையாவுக்குத் தும்மல் வந்தது. என் கண்ணாடி, நிஷாவின் மூக்கு, சுவரில் தொங்கிய காலண்டர், எதுவும் தப்பவில்லை. மறுநாள் லாரி போன பிறகு எடுத்தோம்.

நிஷாவைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். புதுக் கல்லூரிக்கு எழுதிக் கேட்டாள். வெளியே கட்டுகிற செட் கணக்கில் வராது, இங்கே வந்து முதலிலிருந்து வேறொரு நோயாளிக்குக் கட்ட வேண்டும் என்று பதில் வந்தது. அதை என்னிடம் காட்டினாள். ஊருக்குப் போய் அம்மாவோடு இரண்டு வாரம் இரு, நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். அவள் கோபப்பட்டாள்.

"பல்லு எடுத்தது என்ற கையாக்கும் மேடம். எடுக்கணுமான்னு நான் கேட்டேன், நீங்க எடுன்னீங்க, நான் எடுத்தேன். ரெண்டு பேர்க்கும் பங்குண்டு. நான் போமாட்டேன்."

யாரும் என்னிடம் அதுவரை அப்படிப் பேசியதில்லை. அவள் சொன்னது சரி. அன்றைக்கு நான் சுப்பையாவிடம் உள்ளதைச் சொல்லிவிட்டேன். அந்த இரண்டு பல்லை எடுத்திருக்க வேண்டியதில்லை, கணக்குக்காக எடுத்தோம், தப்பு என்னுடையது என்றேன். அவர் எழுந்து ஜன்னலோரம் போனார். ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "கீழ் செட்டு மைக்கு முன்னால வெச்சு ஆடக் கூடாது, அதை மட்டும் பார்த்துக்கோங்க" என்றார். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. நானும் அதைக் கேட்கவில்லை.

மெழுகில் பல் அடுக்கி வாயில் வைத்துப் பார்க்கிற நாளில் நாம் நோயாளியை எண்ணச் சொல்வோம், ஒன்று, இரண்டு என்று. சுப்பையாவிடம் அது போதாது. உற்சவ அறிவிப்பை அப்படியே சொல்லுங்கள் என்றேன். எழுந்து நின்றார், மைக் பிடிக்கிற மாதிரி கையை வைத்துக்கொண்டார், ஆரம்பித்தார். மலையாளத்தில் தடங்கல் இல்லாமல் போனது. தமிழில் வந்ததும் சகரம் சீட்டியடித்தது. நிஷா கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள், மேல்வரிசை முன்பல் இரண்டையும் ஒரு நூலளவு உள்ளே தள்ளினாள். மறுபடி சொல்லச் சொன்னாள். மறுபடி தள்ளினாள். ஏழாவது தடவை சீட்டி நின்றது. கீழே மூட்டை தூக்குகிறவர்கள் வேலையை நிறுத்திவிட்டு, உற்சவம் எத்தனை மணிக்கு என்று மேலே பார்த்துக் கேட்டார்கள்.

கொடியேற்றத்துக்கு மூன்று நாள் முன்னால் செட்டை வாயில் வைத்தோம். கீழ் செட்டு முதல் இரண்டு நாள் மக்கர் செய்தது, ஓரத்தை இழைத்து இழைத்துச் சரி செய்தோம். மூன்றாம் நாள் கமிட்டிக்காரர்கள் பேசச் சொல்லிக் கேட்டார்கள். கேட்டுவிட்டு, பதிவு பற்றிப் பிறகு யாரும் வாய் திறக்கவில்லை. நிஷா அன்று சாயங்காலமே ரயில் ஏறினாள். புதுக் கல்லூரியில் வேறொருவருக்கு முழு செட் கட்டி, பரீட்சை எழுதி, பாஸ் செய்தாள். இன்றைக்கு அவள் கிளினிக் பலகையில் இரண்டு கல்லூரியின் பெயரும் இருக்கிறது. எங்கள் கல்லூரியின் பெயர்தான் மேலே.

கதை இங்கே முடிந்திருக்க வேண்டும். உற்சவம் ஆரம்பித்த மறுநாள் காலை நான் வீட்டில் இருந்தேன். மேலாளரிடமிருந்து ஆள் வந்து, அந்த நோயாளிக்குப் பல் கட்டியாயிற்றாமே, இப்போது கையெழுத்துப் போடலாமே என்று அதே வரி அச்சடித்த புதுத் தாள் ஒன்றை நீட்டினார். நோயாளிகள் எவருக்கும் எதுவும் மீதமில்லை. எழுதியபடி ஒருவருக்கு முடித்துவிட்டேன். பேனாவை எடுத்து மூடியைக் கழற்றினேன். போட்டால் கடிதம் கையில், அடுத்த வருடமே எங்காவது வகுப்பில் நிற்கலாம். நிஜத்தைச் சொன்னால், போட்டுவிடத்தான் போனேன்.

அப்போது தெருவில் ஒலிபெருக்கிச் சத்தம் கேட்டது. சுப்பையாவின் குரல். உற்சவ அறிவிப்பைச் சொல்லி முடித்தார். ஆட்டோ நகரவில்லை. ஒரு முறை தொண்டையைச் செருமிக்கொண்டு, தமிழில் இன்னொன்றை ஆரம்பித்தார்.

"பொதுமக்கள் கவனத்துக்கு. காயலோரம் பல் ஆஸ்பத்திரி காலேஜ்ல, வேர் சிகிச்சைக்குப் பல்லைத் தொறந்து வெச்சு பாதியில நின்னவங்க, அளவு எடுத்துட்டுப் பல்லு கிட்டாதவங்க, கம்பி மாட்டிட்டுக் கழத்த ஆள் இல்லாதவங்க, ஆரும் பேடிக்க வேண்டாம், பயப்பட வேண்டாம். காலேஜ்தான் பூட்டியிருக்கு, டாக்டர் பூட்டல. மலஞ்சரக்குக் கிடங்கு மாடியில காலையில வரலாம்."

என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை அந்த மனிதர். பள்ளுருத்தியிலிருந்து இடக்கொச்சி வரைக்கும் காலையும் மாலையும் அதையே சொல்லிக்கொண்டு போனார், உற்சவம் முடிகிற வரைக்கும். முதல் நாளே மாடிப்படி கொள்ளாமல் கூட்டம். திறந்த பல்லில் பஞ்சு அடைத்துக்கொண்டு வந்தவர்கள், கன்னம் வீங்கி வந்தவர்கள், கம்பி குத்தி உதடு கிழிந்த ஒரு பெண். ஒருவர் என்று நான் எழுதியிருந்தேன். என் பிரிவில் மட்டுமே எத்தனை பேர் என்று எனக்கே அதுவரை தெரியாது. தாளைக் கையெழுத்துப் போடாமலேயே திருப்பிக் கொடுத்தேன். நகரத்திலிருந்த பழைய மாணவர்கள் ஒவ்வொருவராக வந்து சேர்ந்துகொண்டார்கள். எல்லோரையும் முடித்து அனுப்ப அடுத்த மழைக்காலம் வந்துவிட்டது.

இப்போது பலகைக்கு வருகிறேன். நீங்கள் படித்த இடத்தில் தப்பு நடந்திருக்கலாம். எங்கள் இடத்தில் நடந்தது, அதில் ஒன்றை என் கையாலேயே செய்தேன். அதற்காக அந்தப் பெயரை ஒளித்தால், நீங்கள் ஒளிப்பது தப்பை மட்டும் அல்ல, அங்கே உங்களிடம் வாயைத் திறந்து காட்டிய அத்தனை பேரையும். சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும், அவர்களுக்கும் ஒரு நாள் பல் வலிக்கும்.

சுப்பையா அந்த அறிவிப்பின் முடிவில் ஒவ்வொரு முறையும் எங்கள் கல்லூரியின் பெயரைச் சொன்னார். நீளமான பெயர், நான்கைந்து இடத்தில் சகரம் வரும். தாளில் எழுதியும் வைத்துக்கொள்ளவில்லை. பூட்டிய கேட்டுக்கு முன்னால் ஆட்டோவை நிறுத்தி, ஓர் எழுத்து வழுக்காமல், முழுப் பெயரையும் சொன்னார். ஒரு பல்கூட மிச்சம் வைக்காமல் நாங்கள் பிடுங்கிய வாய் அது. அந்த வாய் சொன்ன பெயரை, முப்பத்திரண்டும் சொந்தமாக வைத்திருக்கிற நீங்கள் ஏன் விழுங்குகிறீர்கள்?